வார்த்தையே இல்லாத 'டா டா டா' ஏன் இப்படி இழுக்கிறது? ரே கொனிஃப் காலத்துக் கோரஸ் இசை

ஊசிமுனை:

பழைய எல்பி கேட்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் ஒரு கேள்வி. ரே கொனிஃப், ஜானி மான், நார்மன் லூபாஃப் என்று 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் கோரஸ் குழுத் தலைவர்கள் ஒரு கூட்டம் இருந்தது. ஒரு பக்கம் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் எல்லாம், கூடவே ஆணும் பெண்ணுமாக ஒரு கோரஸ். கொனிஃபின் ஆரம்பகாலத் தட்டுகளில் அந்தக் கோரஸ் சொல்லே பாடாது. 'டா டா டா', 'பா பா', 'டூ டூ', அவ்வளவுதான்.

இதைக் கேட்டால் எனக்கு ஒரு ஏக்கம் வந்துவிடுகிறது. நான் பிறந்ததே எழுபதுகளின் கடைசியில். பால்ரூம் நடனம் ஆடியதில்லை, அமெரிக்கா போனதில்லை. வீட்டில் இந்தத் தட்டுகளும் கிடையாது, பெரியவனான பிறகு நானே தேடிப் பிடித்தவை. நான் வாழாத காலத்துக்கு நான் ஏன் ஏங்க வேண்டும்? 'லிஃப்டில் ஓடுகிற இசை' என்று கேலி செய்பவர்களும் வரலாம், ஆனால் காரணத்தோடு வாருங்கள்.

பித்தளைப்பிரியன்:

நான் மெல்லிசைக் குழுவில் டிராம்போன் வாசித்தவன். ஏக்கத்தைப் பற்றித் தெரியாது, அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன்.

கொனிஃபின் முதல் தட்டு ''ஸ் வொண்டர்ஃபுல்' 1956இல் பதிவானது. கோரஸில் எட்டே பேர்: நாலு பெண்கள், நாலு ஆண்கள். பெண்களை டிரம்பெட்டோடும் கிளாரினெட்டோடும் மேல் சுருதி சாக்ஸபோனோடும் சேர்த்தார். ஆண்களை டிராம்போனோடும் கீழ் சுருதி சாக்ஸபோனோடும் சேர்த்தார். வாத்தியம் என்ன வாசிக்கிறதோ அதே ஸ்வரத்தைக் குரலும் பாடும். தனியாக 'பின்னணி' பாடுவது இல்லை, கவனியுங்கள். குரலும் வாத்தியமும் ஒரே வரியில் போகும்.

ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஒரு ஸ்வரத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். 'டா' என்பதில் 'ட்' விழுகிற கணத்தில் டிரம்பெட் வாசிப்பவர் நாக்கால் கொடுக்கிற அடியும் விழும். அந்த முனை கூர்மையாக இருக்கும். அப்புறம் டிரம்பெட் மெல்லத் தணியும்போது 'ஆ' மட்டும் நீண்டு நிற்கும். ஆரம்பம் பித்தளை, முடிவு மனிதத் தொண்டை. எது எங்கே மாறியது என்று பிடிக்கவே முடியாது. இதன்மேல் தாராளமாக எக்கோ. கீழே டபுள் பாஸும் கிட்டாரும் டிரம்ஸும் நடனத் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மந்திரம் எல்லாம் இல்லை, கணக்கு.

கொனிஃபும் அடிப்படையில் டிராம்போன்காரர்தான் என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். மாசசூசெட்ஸில் ஆட்டில்பரோ என்ற ஊர், பிறந்தது 1916. அப்பாவும் டிராம்போன், அம்மா பியானோ.

வேப்பங்காய்:

காரணத்தோடு கேலி செய்ய வந்துவிட்டேன்.

இது சர்க்கரைப் பாகில் ஊறிய ஜாஸ். ஸ்விங் என்பது கறுப்பின மக்கள் உண்டாக்கிய, ஆடத் தூண்டுகிற ஜாஸ் இசை. அதில் இருந்த வியர்வை, கிண்டல், தனி வாசிப்பில் ஒருவன் எடுக்கிற ஆபத்து எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டு, புறநகர் வீட்டு வரவேற்பறைக்கு அனுப்பிய சரக்கு இது. கொனிஃப் தட்டில் யாராவது தடம் மாறி வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? தவறு நடக்கவே வாய்ப்பில்லாத இசையில் எனக்கு என்ன வேலை?

கோரஸை வாத்தியம் மாதிரி பயன்படுத்தியதும் புதுசு இல்லை. ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் 1927இலேயே 'கிரியோல் லவ் கால்' பாட்டில் அடலெய்ட் ஹால் என்ற பாடகியை ஒரு சொல்லும் இல்லாமல் பாட வைத்தார். அந்தக் குரலில் ஒரு கரகரப்பு இருக்கும் பாருங்கள், அது ஒரு ஆளின் குரல். கொனிஃபின் எட்டுப் பேருக்கும் முகமே கிடையாது.

கொழும்புக்_காற்றலை:

வேப்பங்காய் அண்ணை கோபத்தில் எழுதினாலும் நல்லா எழுதுறார்.

எங்கட பக்கத்தில் இந்தக் கோரஸ் சத்தம் வந்து சேர்ந்த வழி கொனிஃப் இல்லை, அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ். இலங்கையில் ஜிம் ரீவ்ஸ் இல்லாத வீடு குறைவு. தமிழர், சிங்களவர், பறங்கியர் எல்லாருக்கும் பிடிக்கும், நத்தார் வந்தால் இன்னும் கூட. 1959 கடைசியில் வெளிவந்த 'ஹீ'ல் ஹேவ் டு கோ'வைக் கேட்டுப் பாருங்கோ. ரீவ்ஸின் குரலுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு கோரஸ் வந்து வந்து போகும். அதுதான் அனிதா கெர் சிங்கர்ஸ். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் அந்தக் காலத்தில் பதிவான ஏராளமான பாட்டுகளில் அவர்கள்தான் பின்னணி. கன்ட்ரி பாட்டில் இருந்து ஃபிடிலைக் குறைத்து, இந்த மாதிரிக் கோரஸைச் சேர்த்ததில் இசைத் தயாரிப்பாளர் செட் அட்கின்ஸுக்கும் பெரிய பங்கு உண்டு.

இன்னுமொரு விசயம். 1966இல் நடந்த கிராமி விழாவில் சிறந்த குரல் குழுவுக்கான பரிசு அனிதா கெர் குழுவின் ஹென்றி மான்சினி பாடல் தட்டுக்குப் போனது. அதே பிரிவில் தோற்றது யார் தெரியுமோ? பீட்டில்ஸ், 'ஹெல்ப்!' பாட்டோடு.

ஊசிமுனை:

'ஹெல்ப்' தோற்றதா! அந்த ஒரு தகவலுக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை.

வேப்பங்காய் சார், 'முகமே கிடையாது' என்று குறையாகச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறதோ என்று தோன்றுகிறது. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடினால் அது சினாட்ராவின் காதல், நாம் வெளியே நின்று பார்க்கிறோம். இந்த எட்டுப் பேர் 'டா டா டா' என்றால் அது யார் காதலும் இல்லை, அதனால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். சொல் இருந்தால் ஊரும் காலமும் சேர்ந்து வந்துவிடும். சொல் போனதும் தாம்பரத்தில் இருக்கிற நானும் நுழையலாம்.

சேவற்கொடியோன்:

நல்ல இழை. கேட்டுக்கொண்டே படிக்கிறேன். தொடருங்கள்.

பழந்தட்டு_ராஜாமணி:

இந்தக் கோரஸ் முன்னுக்கு வந்த கதையை யாரும் தொடவில்லையே. தொழிற்சங்கக் கதை அது, சுவாரசியமானது.

1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவு நிறுத்தம் அறிவித்தது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, அவரும் டிரம்பெட் வாசித்தவர்தான். ரேடியோவிலும், காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸிலும் தட்டு ஓட ஓட, நேரில் வாசிக்கிறவன் பிழைப்பு போகிறது, அதனால் கம்பெனிகள் சங்கத்துக்குப் பங்கு தர வேண்டும் என்பது கோரிக்கை. டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது. கொலம்பியாவும் ஆர்சிஏ விக்டரும் 1944 நவம்பர் வரை பிடிவாதமாக நின்றன.

பாடகர்கள் அந்தச் சங்கத்தில் கிடையாது. அதனால் கம்பெனிகள் என்ன செய்தன? வாத்தியமே இல்லாமல், பாடகருக்குப் பின்னால் கோரஸை நிறுத்திப் பதிவு செய்தன. டிக் ஹேம்ஸ் 'யூ'ல் நெவர் நோ' பாட்டை சாங் ஸ்பின்னர்ஸ் என்ற குழுவோடு பாடினார், பத்து லட்சம் தட்டு விற்றது. சினாட்ரா 1943இல் கொலம்பியாவுக்காகப் பாபி டக்கர் கோரஸோடு பாடினார். வயலினும் டிரம்பெட்டும் செய்ய வேண்டியதைத் தொண்டைகள் செய்தன. ஊம், ஆ என்று.

வேலைநிறுத்தம் யாருக்காகவோ அந்த வாத்தியக்காரர்களின் பேண்டுகளே அடிபட்டதுதான் கொடுமை. இரண்டு வருடத்தில் ஜனங்களின் காது பாடகர் பக்கம் திரும்பிவிட்டது. 1944இல் நடன அரங்குகள் மேல் கேளிக்கை வரி வேறு 30 சதவீதம் போட்டார்கள், பிறகு 20 ஆகக் குறைத்தார்கள். 1946 டிசம்பரில் பென்னி குட்மன், உடி ஹெர்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி உட்பட எட்டுப் பெரிய ஸ்விங் பேண்டுத் தலைவர்கள் சில வாரத்துக்குள் பேண்டைக் கலைத்தார்கள்.

கொனிஃப் அந்த ஹாரி ஜேம்ஸிடம்தான் இசைக்கோப்பு, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்ற அரேஞ்ச்மென்ட், எழுதிக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்குப் பல வருடம் வேலையே சரியாக இல்லை. குடும்பத்தைக் காப்பாற்ற மண்வெட்டி பிடித்துக் கூலி வேலைக்கும் போனார்.

பித்தளைப்பிரியன்:

ராஜாமணி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போர்க்காலத்தில் கொனிஃப் ராணுவ வானொலியில் வால்டர் ஷூமனின் கீழ் வேலை பார்த்தார். ஷூமன் பிறகு கோரஸ் தட்டுகளுக்கே பேர்போனவர். விதை அங்கே விழுந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

கொலம்பியாவில் தயாரிப்பாளராக இருந்த மிட்ச் மில்லர் கூப்பிட்டு வேலை கொடுத்தார். 1955இல் டான் செரி பாடிய 'பேண்ட் ஆஃப் கோல்ட்' கொனிஃபின் இசைக்கோப்பில் முதல் பத்துக்குள் வந்தது. தொடர்ந்து கை மைத்தல், ஜானி ரே, ஜானி மாதிஸ் என்று வரிசையாக வெற்றி. எந்தப் பாட்டு ஏன் ஹிட்டானது என்று உட்கார்ந்து ஆராய்ந்து, திரும்பத் திரும்ப வருகிற சின்னச் சின்ன இசைத் துணுக்குகள் காதில் ஒட்டிக்கொள்கின்றன என்று முடிவு கட்டிய மனுஷன். அதற்குப் பிறகுதான் சொந்தப் பேரில் தட்டு.

வேப்பங்காய்:

ஆக, கணக்குப் போட்டுச் செய்த சரக்கு என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். நன்றி.

அதே காலத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். 1957இல் ஜாஸ் பாடகர்கள் டேவ் லாம்பர்ட்டும் ஜான் ஹென்ரிக்ஸும் கவுண்ட் பேஸி பேண்டின் பாட்டுகளைக் குரலில் கொண்டுவர நினைத்தார்கள். வாத்தியம் வாசித்த ஒவ்வொரு வரிக்கும், தனி வாசிப்புக்கும்கூட, ஹென்ரிக்ஸ் சொல் எழுதினார். ஸ்டுடியோ கோரஸ் பாடகர்கள் ஒரு டஜன் பேரைக் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். ஸ்வரம் எல்லாம் சரி, ஸ்விங்கின் துள்ளல் மட்டும் வரவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் பாடகி ஆனி ராஸ். கடைசியில் அந்த டஜன் பேரையும் அனுப்பிவிட்டு, லாம்பர்ட், ஹென்ரிக்ஸ், ராஸ் மூவரும் தங்கள் குரலையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்து 'சிங் எ சாங் ஆஃப் பேஸி'யை முடித்தார்கள்.

அந்த மூன்று பேரும் முகம் உள்ள குரல்கள். வேலைக்கு ஆகாத அந்த டஜன் பேர் ரகத்தைத்தான் நீங்கள் ஏக்கத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கோடம்பாக்கத்துக்_கோரஸ்:

வேப்பங்காய் சாருக்கு என் கண்டனம். கோரஸில் நின்று பாடியவர்களைப் பற்றி 'முகம் கிடையாது' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும், என் அத்தை அந்த வேலை பார்த்தவர். முகம் இல்லாமல் பாடுவது ஒரு தொழில் திறமை. பக்கத்தில் நிற்கிறவர் குரலுக்குள் தன் குரலை ஒளித்து வைக்கத் தெரிய வேண்டும், மூச்சு எடுக்கிற இடம்கூடச் சேர்ந்து விழ வேண்டும். எல்.ஆர். ஈஸ்வரி கோரஸிலிருந்து வந்தவர், அவர் அம்மாவும் கோரஸ் பாடகிதான். ஈஸ்வரியின் ஹம்மிங்கைக் கேட்டவர்கள் சொல் இல்லாத குரலுக்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இதை வைத்து 'கொனிஃபைப் பார்த்துத்தான் நம் ஊர் ஹம்மிங் வந்தது' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த மாதிரிக் கதைகளுக்கு ஆதாரம் கேட்டால் ஆளையே காணோம்.

ஊசிமுனை:

ராஜாமணி ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது. ''ஸ் வொண்டர்ஃபுல்' தட்டில் உள்ள பாட்டுகளின் வயதைப் பாருங்கள். தலைப்புப் பாட்டு கெர்ஷ்வின் 1927இல் போட்டது. 'ஸ்டார்டஸ்ட்' மெட்டும் 1927. 'டான்சிங் இன் த டார்க்' 1931, 'பிகின் த பிகீன்' 1935, 'செப்டம்பர் சாங்' 1938. எல்விஸ் பிரெஸ்லி நாட்டையே ஆட்டிவைத்த 1956இல் இதெல்லாம் பழசு.

இன்னொன்று. அதே ''ஸ் வொண்டர்ஃபுல்' பாட்டுக்குக் கொனிஃப் 1945இலேயே ஆர்ட்டி ஷா பேண்டுக்காக இசைக்கோப்பு எழுதியிருந்தார். 'பிகின் த பிகீன்' 1938இல் ஷாவின் பெரிய வெற்றி. சாதாரணப் பாட்டுக்கு 32 பார் (தாளச் சுற்று) என்றால் அதற்கு 108 பார். கலைந்துபோன பேண்டுகளில் தான் வாசித்த பாட்டுகளைத்தான் மனுஷன் திரும்ப எடுத்து வைக்கிறார். முன்பு தனி டிரம்பெட்டோ கிளாரினெட்டோ நின்று பேசிய இடத்தில் இப்போது கோரஸ் முனகுகிறது.

அதை வாங்கியது யார்? 1940இல் இருபது வயதில் நடன அரங்கில் ஆடியவர்கள். நடுவில் போர் வந்து போய்விட்டது. 1957இல் அவர்களுக்கு வீடு, குழந்தைகள், தவணையில் வாங்கிய ரெக்கார்ட் பிளேயர். அரங்குக்குப் போக முடியாது, சோபாவில் உட்கார்ந்து கேட்கலாம். ஆக, இந்த இசை வெளிவந்த அன்றே ஏக்கத்துக்கென்று செய்த இசை. நினைவில் ஒரு பாட்டு எப்படி இருக்கும்? வரிகள் பாதி மறந்திருக்கும், மெட்டு மட்டும் நிற்கும், யார் பாடியது என்பது மங்கியிருக்கும், சுற்றிலும் ஒரு எதிரொலி. பித்தளைப்பிரியன் விவரித்த சத்தமும் அதேதான். அவர்களுடைய ஏக்கத்தை எடுத்து, அப்படியே அரேஞ்ச்மென்டாகப் போட்டுவிட்டார். எனக்குக் கேட்பது அந்த ஏக்கம்தான். அதற்கு நான் அந்தக் காலத்தில் பிறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பழந்தட்டு_ராஜாமணி:

நன்றாகச் சொன்னீர்கள். கூடவே மிட்ச் மில்லரையும் பாருங்கள். 1958இல் தொடங்கிய அவருடைய 'சிங் அலாங்' தட்டுகளில் ஆண்கள் கோரஸ், அதிலும் பழைய பாட்டுகள். 1961 முதல் 1964 வரை என்பிசி டிவியில் திரையின் அடியில் பாட்டு வரியைப் போட்டு, வீட்டில் இருப்பவர்களைச் சேர்ந்து பாட வைத்தார். ராக் அண்ட் ரோல் அவருக்கு ஆகவே ஆகாது. அதே நிகழ்ச்சியில் லெஸ்லி அகம்ஸ் என்ற கறுப்பின இளம்பெண்ணை நிரந்தரப் பாடகியாக வைத்தார், அதற்காகத் தென் மாநில டிவி நிலையங்கள் சில நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தன, அவரை நீக்க மில்லர் சம்மதிக்கவில்லை. வேப்பங்காய் சொல்கிற 'வடிகட்டல்' உண்மை, ஆனால் ஆட்கள் ஒரே நிறத்தில் இல்லை.

வேப்பங்காய்:

லெஸ்லி அகம்ஸ் விஷயத்தில் மில்லருக்கு ஒரு சலாம்.

ஊசிமுனை, உங்கள் வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் ஏக்கத்துக்கென்று செய்த சரக்கை நம்பி ஏங்குவது வியாபாரிக்கு வசதி. 'அந்தக் காலம் எவ்வளவு அமைதி' என்று இந்தத் தட்டுகளைக் கேட்டுத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் என்ற ஊரில் வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்கு ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் போக ராணுவம் துணைக்கு வர வேண்டியிருந்தது. தட்டில் அது எங்கே?

பித்தளைப்பிரியன்:

தட்டில் இல்லை, ஆனால் அந்தக் கோரஸ் ஒருமுறை வாயைத் திறந்து பேசியிருக்கிறது. 1972 ஜனவரி 28, வெள்ளை மாளிகை, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை நிறுவனர் வாலஸ் தம்பதிக்கு விருந்து. ரே கொனிஃப் சிங்கர்ஸ் கச்சேரி. இசை பழைய பாணியாக இருந்தால் அது எனக்குப் பிடித்ததால்தான் என்கிற மாதிரி ஜனாதிபதி நிக்சன் சொல்லிவிட்டு அமர்கிறார்.

முதல் பாட்டு தொடங்குமுன் வரிசையில் நின்ற கரோல் ஃபெராசி என்ற கனடாக்காரப் பாடகி, உடைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்து விரிக்கிறார். 'கொலையை நிறுத்துங்கள்' என்று எழுதியிருந்தது. மைக்கில் நிக்சனையே பார்த்து, மனிதர்கள் மேலும் விலங்குகள் மேலும் செடிகொடிகள் மேலும் குண்டு போடுவதை நிறுத்துங்கள் என்கிறார். ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போகிறீர்களே, இயேசு இந்த அறையில் இருந்தால் இன்னொரு குண்டு போடத் துணிவீர்களா என்றும் கேட்கிறார். கொனிஃப் துணியைப் பிடுங்கப் பார்க்கிறார், முடியவில்லை. அப்புறம் குழு பாடத் தொடங்குகிறது, அந்தப் பெண்ணும் அதே வரிசையில் நின்று பாடுகிறார்! பாட்டு முடிந்ததும் விருந்தினர்கள் வெளியே அனுப்பச் சொல்லிக் கத்த, கொனிஃப் அவரைப் போகச் சொன்னார். போய்விட்டார்.

வீடியோ கிடைக்கிறது, பாருங்கள். கோரஸில் நிற்பவருக்கு முகம் கிடையாது என்று இனி யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள்.

கோடம்பாக்கத்துக்_கோரஸ்:

இப்போதுதான் பார்த்தேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பேசி முடித்த உடனே சுருதி தவறாமல் சேர்ந்து பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று அத்தையிடம் கேட்க வேண்டும்.

கொழும்புக்_காற்றலை:

இரண்டே வருசத்தில் கொனிஃப் மொஸ்கோவுக்குப் போனார். 1974இல் சோவியத் அரசின் மெலோடியா நிறுவனத்துக்காக ரஷ்யப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் வைத்து ஒரு தட்டுப் பதிவு செய்தார். அவருடைய ஆகப் பெரிய வெற்றிப் பாட்டு 1966இல் வந்த 'சம்வேர் மை லவ்', டாக்டர் ஷிவாகோ படத்து மெட்டு. அந்தக் கதையின் மூல நாவல் சோவியத்தில் வெளிவந்ததே 1988இல்தான். நாவலை உள்ளே விடாத நாடு கொனிஃபை உள்ளே விட்டது! மெல்லிசைக்கு விசா சுகமாகக் கிடைக்கும் போல.

வேப்பங்காய்:

அந்த வீடியோவை இரண்டு தரம் பார்த்துவிட்டேன். என் கட்சி மாறவில்லை, ஆனாலும் ஒழுங்காக உட்கார்ந்து ஒரு கொனிஃப் தட்டு கேட்கலாம் என்றிருக்கிறேன். ''ஸ் வொண்டர்ஃபுல்' ஸ்டீரியோ என்று ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா?

பித்தளைப்பிரியன்:

வாங்க வேண்டாம். அது மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில் பதிவானது, பிற்பாடு மின்னணு வித்தையால் இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று பேர் வைத்தார்கள். காதுக்குள் குடம் உருட்டும். மோனோ பிரதி கிடைத்தால் எடுங்கள். நிஜ ஸ்டீரியோதான் வேண்டும் என்றால் 1958இல் வந்த ''ஸ் ஆஃபுல் நைஸ்'. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து, டிராம்போனையும் ஆண் குரலையும் பிரிக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று இங்கேயே எழுதுங்கள்.